ஓலைக்குத் தடை சொன்னேன்

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது ஆறு. தங்கச்சி செத்த பிறகு அவளுடைய இரண்டையும் சேர்த்து எட்டுப் பேரை வளர்த்தேன். கையெழுத்துப் போடுவேன், அதற்குமேல் எழுத வராது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் என் மகளின் மகள். இது அவளைப் பற்றியதுதான்.

அவளுடைய தகப்பன், என் மருமகன், தன் அக்காவின் மகனுக்கு அவளைப் பேசி முடித்தார். பேசி முடித்த கிழமையே, கூடப் படித்த பொடியனோடு கதைத்தாள் என்று அந்த மாப்பிள்ளை வாகரைச் சந்தியில் வைத்து அவளுக்கு அறைந்தான். அவன் வேண்டாம் என்று அவள் வீட்டில் சொன்னாள். மருமகன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நாங்கள் கத்தோலிக்கர். எங்கள் வேதக் கோயிலில் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் இருவர் பெயரையும் வாசிப்பார்கள். அதை ஓலை என்போம். தடை ஏதும் தெரிந்தால் சொல்லலாம் என்பார் சுவாமி. யாரும் சொன்னதில்லை. அந்த நேரத்தில்தான் பிள்ளைகளை மூத்திரத்துக்குக் கூட்டிப்போவோம்.

முதல் ஓலை வாசித்த அன்று சுவாமி பிரசங்கத்தில், பெண் மனதாரச் சம்மதிக்காத கலியாணம் கடவுளுக்கு முன் கலியாணமே இல்லை என்றார். பிரசங்கத்தில் நல்லது சொல்லாத சுவாமியை நான் கண்டதில்லை. இறங்கிவந்து செய்வாரா என்று பார்க்க வேண்டியிருந்தது. இரண்டாம் ஓலைக்கு எழும்பினேன்.

"தடை இரிக்கி சுவாமி. புள்ளைக்கு விருப்பமில்ல. ஆரும் அவளைக் கேக்கல்ல."

பின்னால் ஒருத்தி சிரித்தாள். மருமகன் ஆண்கள் பக்கத்திலிருந்து வந்து என் கையைப் பிடித்தார். "இரிங்க மாமி. மானத்த வாங்காதீங்க."

"உங்கட மானம் அவள்ட கன்னத்திலயா இரிக்கி?"

சுவாமி ஓலையை மடித்தார். "தடை இரிக்கா எண்டு கேட்டது நான்தான். அவவ விடுங்க."

பூசை முடிந்து பேத்தியைத் தனியே விசாரித்தார். தகப்பனையும் உள்ளே விடவில்லை, என்னையும் விடவில்லை. எனக்குக் கோபம்தான். ஆனால் அதுவும் சரிதான். என் வாய்ப்பேச்சை அவள் திருப்பிச் சொல்லக் கூடாதே. வெளியே வந்ததும், மூன்றாம் ஓலை இந்தக் கோயிலில் வாசிக்கப்படாது என்று மருமகனிடம் சொன்னார்.

கிழவிக்கு மூளை பிசகிவிட்டது என்றது ஊர். பங்குச் சபை ஆண்கள் சுவாமியை மாற்றச் சொல்லி ஆயரிடம் போனார்கள். சுவாமி அசையவில்லை. இப்போது முதல் ஓலைக்கு முன்பே ஒவ்வொரு பெண்ணையும் தனியே கேட்கிறார். அது என்னால் வந்தது என்று சொல்ல எனக்கென்ன வெட்கம்?

மருமகன் இன்னும் எனக்கு முகம் கொடுப்பதில்லை. நாங்கள் எல்லாரும் இருக்கிற இந்த வீடு என் மகளுக்கு நான் சீதனமாகக் கொடுத்தது. நான் எங்கும் போகமாட்டேன். இதையெல்லாம் எழுத வேண்டாம் என்று மகளிடம் சொல்லியனுப்பினார். அதனால்தான் எழுதுகிறோம்.

சரி புள்ள, எழுதினது போதும். வாசி பாப்பம். மெல்ல இல்ல. உன்ட அப்பா விறாந்தையில இரிக்கார், அவருக்கும் கேக்கட்டும்.