உள்ளே இருப்பதை அழித்துவிட்டு

பழுப்பேறிய மூன்று கம்ப்யூட்டர்கள் எங்கள் பனியன் கம்பெனியின் மாடிப்படிக்கு அடியில், வெட்டுத்துணி மூட்டைகளுக்கு நடுவே கிடந்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. தொண்ணூறுகளின் கடைசி அது. புதிய கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கியதும் இவற்றைத் தூக்கி அங்கே போட்டுவிட்டார்கள். மூன்றும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தவை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவற்றில் ஒன்றில்தான் நான் பில் அடித்தேன். இன்று என் மகன் தன் பழைய லேப்டாப்பை ஒரு பிள்ளைக்குக் கொடுப்பதற்கு முன், உள்ளே இருப்பதை எப்படி அழிக்க வேண்டும் என்று எனக்குப் பாடம் நடத்துகிறான். எனக்கு! அந்த ஒரு வேலைக்காக எங்கள் முதலாளியிடம் நான் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசியது அவனுக்கு எங்கே தெரியும்?

வேலம்பாளையத்தில் எங்கள் தெருவிலேயே குடியிருந்த தலைமை ஆசிரியைக்குத்தான் அந்தக் கம்ப்யூட்டர்கள் தேவைப்பட்டன. அவர் பள்ளியில் பத்தாவது முடிக்கிற பெண்பிள்ளைகள் அத்தனை பேரும் நேராகக் கம்பெனிகளுக்குப் பனியனில் நூல் பிசிறு வெட்டத்தான் போனார்கள். டைப் அடிக்கத் தெரிந்தால் நாலு பேராவது ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார மாட்டார்களா என்பது அவர் ஆதங்கம். அந்த வருடத்துப் பிள்ளைகள் பள்ளியை விட்டுப் போவதற்குள் எப்படியாவது வாங்கிவிட வேண்டும் என்று ஓர் அறையையே காலி செய்து வைத்திருந்தார். "பழசா இருந்தாலும் பரவால்ல கண்ணு, ஓடுனாப் போதும்" என்பார், என்னைப் பார்க்கும்போதெல்லாம். நானும் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

எங்கள் முதலாளியைக் கஞ்சன் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி என்று யார் வந்து நின்றாலும் வெறுங்கையோடு அனுப்ப மாட்டார். அவருக்கு இருந்தது பயம். வெளிநாட்டுக்காரர்களுக்கு அவர் சொன்ன விலை வெளியே கசிந்தால், பக்கத்துக் கம்பெனிக்காரன் கொஞ்சம் குறைத்துச் சொல்லி ஆர்டரைத் தட்டிக்கொண்டு போய்விடுவான். "காஸ்டிங் பூரா அதுக்குள்ளதான இருக்குது அம்மிணி?" என்றார். அழித்துத் தருகிறேன் என்றேன். ஒன்றை மேலே தூக்கி வந்து, அவர் கண் முன்னாலேயே எல்லாவற்றையும் அழித்தும் காட்டினேன். மனிதர் குனிந்து பெட்டியின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார். "டிவியில காணோம், சரி. பொட்டிக்குள்ள இருக்குமல்லோ?"

விதவிதமாகச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டிவிட்டு, அதே கேள்வியில் வந்து நிற்பார். மாதங்கள் ஓடின. முழுப் பரீட்சை நெருங்கியது. தலைமை ஆசிரியையின் முகத்தில் முழிக்கவே எனக்குக் கூச்சமாகிவிட்டது. ஒரு நாள் பொறுமை போய், "ஏனுங் மொதலாளி, உங்க மச்சான் பட்டறையில துணிய வெளுக்கறாங்களல்லங்க? அந்த மாதிரி சுத்தமா வெளுத்துப்போடலாமுங்க. ஒரு பொட்டு மிஞ்சாது" என்று கத்தியே விட்டேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, இத மொதல்லயே சொல்றதுக்கென்ன!"

அப்பாடா என்று இருந்தது. இரண்டொரு நாளில் படிக்கு அடியில் பெட்டிகளைக் காணவில்லை. கேட்டதற்கு, "நீ சும்மா இரு அம்மிணி, எல்லாம் ஆகுது" என்று சிரித்தார். அடுத்த வாரம் தன் காரிலேயே என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனார்.

வாசலில் கோலம். அறைக்குள் பிள்ளைகள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மேசைகள்மேல் மூன்று கம்ப்யூட்டர்களுக்கும் மாலை போட்டிருந்தது. முதலாளி டிவி என்று சொன்ன மானிட்டர்கள் மட்டும் பழைய பழுப்பில் இருக்க, பெட்டிகள் பளீரென்று வெள்ளையாக இருந்தன. கிட்டே போனதும் பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கில் ஏறியது.

"மொதலாளி, என்னங்க பண்ணுனீங்க?"

"நீ சொன்ன மாதிரித்தான். மச்சான் பட்டறையில தொட்டிக்குள்ள முக்கி வெளுத்தாச்சு. நல்லா வெயில்ல காய வெச்சுத்தான் கொண்டாந்தம். இனி எவன் தொறந்து பாத்தாலும் ஒண்ணும் கெடைக்காது."

உண்மைதான், ஒன்றும் கிடைக்காது. அந்த இடத்திலேயே அவர் சட்டையைப் பிடித்து உலுக்கலாம் போல ஆத்திரம் வந்தது. அதைவிட ஆத்திரம், அவர் முகத்தில் இருந்த திருப்தியைப் பார்த்து. முழு மனதோடு கொடுத்துவிட்டு நிற்கிற மனிதரை என்னவென்று திட்டுவது? இத்தனை வருடம் கழித்தும் நினைத்தால் வயிறு எரிகிறது.

தலைமை ஆசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. "புதுசாட்ட இருக்குது கண்ணு" என்றார். பிறகு சுவரோரம் இருந்த பிள்ளைகளில் ஒருத்தியைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் எழுந்து பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு, சுவிட்சின்மேல் விரலை வைத்து என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"போடட்டுங்களாக்கா?"

"வேண்டாம் சாமி" என்றேன். "கைய எடுத்துரு."