கரை இல்லாத மருதங்கன்றுகள்

இன்று காலை மல்லாவிச் சந்தையில் வெங்காயம் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஓர் உழவு இயந்திரம் வந்து நின்றது. ஓட்டி வந்தவரைத் தெரியும். எங்கள் ஆற்றில் மணல் அள்ளுபவர்களில் ஒருவர்.

"அக்கா, உங்களைத்தான் தேடினனான். உங்கட கண்டுகளைக் கொண்டுவந்திருக்கிறன்" என்றார்.

பின்பெட்டியில், ஈரச் சாக்கில் சுற்றிய பதினொரு மருதங்கன்றுகள். ஆற்றங்கரை மேலும் அரிபடாமல் வேர்கள் பிடித்துக்கொள்ளட்டும் என்று போன மாரியில் நாங்கள் நாலு பெண்கள் நட்டவை. கோடை முழுக்கக் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றியவை.

"ஏன் கிண்டினனீங்கள்?"

"கரை இடிஞ்சு போச்சுது அக்கா. நாங்கள் ஒரு கண்டையும் மிதிக்கேல்லை. டயர் படாமல் விலத்தித்தான் போனனாங்கள். கீழ, அடியிலதான் அள்ளினது. மூண்டு நாளாச் சாக்கை நனைச்சுக்கொண்டு திரியிறன்."

பொய் சொல்லவில்லை. ஒரு கன்றுகூட முறியவில்லை. அடியில் மண் போனதும், கரை கன்றுகளோடு அப்படியே இறங்கியிருக்கிறது.

"அள்ளுறதை நிப்பாட்டேலாதோ?" என்றேன்.

"நான் நிப்பாட்டினா வேற ஆள் வருவான் அக்கா. அவன் கண்டையும் பாக்கமாட்டான்."

திட்டத்தான் வாயெடுத்தேன். அவரோ கன்றுகளை ஒவ்வொன்றாக, குழந்தையைத் தூக்குவதுபோல, நான் வந்த ஓட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார். வெங்காயம் வாங்க மறந்து வீட்டுக்கு வந்தேன்.

இப்போது கிணற்றடியில் நிற்கின்றன. எல்லாவற்றிலும் நல்ல தளிர்.

மருதங்கன்று பதினொன்று கைவசம் இருக்கிறது. உங்களில் யாரிடமாவது கரை மிச்சமிருந்தால் சொல்லுங்கள்.