லண்டன் ரயிலின் யன்னல்கள்

லண்டனுக்குப் போன கணவன்மார் மற்றப் பெண்களுக்குச் சேலை அனுப்பினார்கள், சென்ட் போத்தல் அனுப்பினார்கள். என் கணவர் எனக்கு ரயில் அனுப்பினார். அதுவும் இரண்டிரண்டாக.

எண்பத்துமூன்றுக் கலவரத்துக்கு அடுத்த வருடம் போனவர். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அங்கே அகதிக் கேஸ் முடிந்ததும் உம்மைக் கூப்பிடுவேன் என்று கிளிநொச்சி ரயில் நிலையத்தில் வைத்துச் சொல்லிவிட்டு ஏறினார். நானும் அவருடைய தாயும் வட்டக்கச்சியில் வாய்க்கால் கரை வீட்டில் மிஞ்சினோம். கேஸ் முடிகிற பாடாய் இல்லை. அங்கே அவருக்கு இரவில் பெற்றோல் ஷெட்டில் வேலை. பகலில் நித்திரை கொள்ளவேண்டிய மனுசன், கமெராவைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையங்களைச் சுற்றினார்.

சின்ன வயதிலிருந்தே ரயில் பைத்தியம். பழைய புத்தகக் கடைகளில் அந்தக் காலத்து ரயில் படங்களைத் தேடி வாங்குவார். படம் எடுத்தவன் எந்த இடத்தில் நின்றானோ அதே இடத்தைக் கண்டுபிடித்து நின்று, இப்போது வருகிற ரயிலை எடுப்பார். பிறகு இரண்டையும் ஒரே உறையில் போட்டு எனக்கு அனுப்புவார். பழைய படத்தின் பின்னால் 'அப்போது' என்றும் புதிய படத்தின் பின்னால் 'இப்போது' என்றும் எழுதியிருக்கும்.

'அப்போது' படங்களில் புகை கக்கும் கரி எஞ்சினும், தொப்பி போட்ட ஆண்களும், தோல் பெட்டிகளும் இருக்கும். 'இப்போது' படங்களில் ரயிலின் மூக்கு மஞ்சள், உடம்பு நீலம். மேடையில் ஆள் குறைவு. உண்மையைச் சொன்னால் எனக்குப் பழைய படங்கள்தான் பிடிக்கும். அவற்றில் யாராவது யாரையாவது வழியனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

மாமிக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. ஒவ்வொரு படத்தையும் மூக்கோடு ஒட்டி வைத்துப் பார்ப்பா.

"இதுக்குள்ளை அவன் எங்கை இருக்கிறான், பிள்ளை?"

"அவர் வெளியிலை நிண்டு படம் எடுக்கிறார், மாமி. எடுக்கிறவர் படத்திலை வரமாட்டார்."

"ஆருக்குத் தெரியும், ஏறியிருப்பான்" என்று விரலை யன்னல் யன்னலாக நகர்த்திக்கொண்டு போவா. பழைய படத்தையும் விடமாட்டா. உங்கடை மகன் பிறக்க முந்தி எடுத்த படம் என்று சொன்னால், "நீ சும்மா இரு" என்பா. இதை நான் அவருக்கு எழுதினேன். வாசித்துச் சிரித்ததாகப் பதில் போட்டார்.

பதில் என்றால் அவ்வளவுதான். நெல்லுக்கு அறக்கொட்டிப் பூச்சி அடித்தது என்று எழுதினால் ஒரு வரி வரும். மாமி காய்ச்சலாய்க் கிடந்தா என்று எழுதினால் இரண்டு வரி வரும். ஒரு தடவை, வேறு சொல்ல ஒன்றும் இல்லாமல், பழைய படத்தில் பாலத்துக்குப் பக்கத்தில் நிற்கிற மரம் புதிய படத்திலும் நிற்கிறது, ஒரு கொப்பு மட்டும் இல்லை என்று எழுதினேன். கடிதம் கடிதமாய் வந்தது! நான் அதைக் கவனிக்கவில்லை, நீர் எப்படிக் கண்டீர், உமக்கு நல்ல கண் என்றெல்லாம் பக்கம் பக்கமாக. அன்றிலிருந்து எனக்கு அதுதான் தொழில். சமையல் முடிந்ததும் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மாறாமல் இருக்கிறது எது என்று தேடுவேன். ஒரு புகைபோக்கி, ஒரு தேவாலயக் கோபுரம், கைபிடி வளைந்த ஒரு படிக்கட்டு. ஊர்ப் பெண்கள் கணவனோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில், நான் இங்கிலாந்தின் புகைபோக்கிகளை ஆராய்ந்துகொண்டிருந்தேன். அந்த மனுசன் என்னை நினைத்துப் பேனையைத் தூக்கவேண்டும் என்றால் எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

ஆனால் அவருடைய முகம் ஒரு படத்திலும் இல்லை. கேட்டால் அடுத்த உறையிலும் ரயில்தான் வரும். என் முகத்தையும் அவர் கேட்டதில்லை. அது எனக்கு நொந்தது. கடைசியில், அவர் போய் நான்காவது வருடம், எனக்குக் கோபம் வந்தது.

கூறைச் சேலையைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் கிளிநொச்சிக்குப் போனேன். எங்கள் கல்யாணப் படம் எடுத்த அதே ஸ்ரூடியோ. அந்தப் படத்தில் அவர் கதிரையில் இருக்கிறார், நான் பக்கத்தில் நின்று கதிரை முதுகைப் பிடித்திருக்கிறேன். உள்ளே போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு வந்து, அதே கதிரையைப் போடச் சொல்லி அதேபோல் நின்றேன்.

ஸ்ரூடியோக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தார்.

"வெறுங்கதிரையோடை எடுக்கிறது சரியில்லைப் பிள்ளை. ஆள் இல்லாமல் போனவைதான் இப்பிடி எடுப்பினம்."

"ஆள் இருக்கிறார் அண்ணை. லண்டனிலை."

"அப்ப பழைய படத்திலையிருந்து அவரை வெட்டிக் கதிரையிலை இருத்தித் தாறன். இப்ப கனபேர் அப்பிடித்தான் செய்விக்கினம். ஒட்டினது தெரியாது."

"வேண்டாம். இருக்கிறது இருக்கிற மாதிரியே வரட்டும்."

கல்யாணப் படத்தின் பிரதி ஒன்றின் பின்னால் 'அப்போது' என்று எழுதினேன். புதியதின் பின்னால் 'இப்போது'. வேறு ஒரு எழுத்தும் எழுதாமல் தபாலில் போட்டேன்.

பாதையில் பிரச்சினை வந்து ரயில் நின்றது, தபாலும் நின்றது. மாரி தொடங்கிய பிறகுதான் பதில் வந்தது. வாசித்தபோது எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பின்னால் தொங்குகிற திரை மாறிவிட்டது, முன்பு மாளிகைப் படிக்கட்டு, இப்போது பூந்தோட்டம் என்று எழுதியிருந்தார். ஸ்ரூடியோக்காரர் கமெராவைச் சற்றுப் பின்னால் வைத்துவிட்டார். கதிரைக்குப் புது வார்னிஷ் அடித்திருக்கிறார்கள். நீர் மெலிந்துபோனீர். இப்படியே ஒரு பக்கம். கடைசி வரி: 'உம்முடைய கை மட்டும் கதிரையில் அதே இடத்தில் இருக்கிறது.'

அந்த வரியில் என் கோபம் போய்விட்டது. குசினிக்குள் போய் அடுப்படியில் இருந்து அழுதேன்.

உறைக்குள் இந்தத் தடவை ஒரே ஒரு படம். அதே நீல ரயில் நின்றது. முன்னால் மேடையில் போட்டிருந்த நீள வாங்கில் தடித்த கோட்டுப் போட்ட ஒருவர் இருந்தார். முன்மண்டை வழுக்கை, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. யாரோ ரயிலுக்குக் காத்திருக்கிற ஆள் என்று நினைத்து, நான் வழக்கம்போலப் புகைபோக்கியைத் தேடினேன். ஒன்றும் அகப்படாமல் கண் திரும்பி வந்தபோதுதான், அந்த ஆள் வாங்கின் ஒரு பக்கத்தில் ஒதுங்கி, முழங்காலில் கை வைத்து, கல்யாணப் படத்தில் அவர் இருந்த மாதிரியே நேராக இருப்பதைக் கண்டேன்.

பின்னால் எழுதியிருந்தது: 'அம்மா இனி யன்னல்களில் தேடத் தேவையில்லை.'

மாமியின் கையில் கொடுத்தேன். மூக்கோடு ஒட்டிப் பிடித்தா. விரல் வாங்கில் இருந்தவரைத் தாண்டிப்போய் முதல் யன்னலில் நின்றது.

"மாமி, யன்னலிலை இல்லை. முன்னுக்கு இருக்கிறார், பாருங்கோ" என்று விரலைப் பிடித்து அவர்மேல் வைத்தேன்.

கொஞ்ச நேரம் பார்த்தா.

"இது ஆரோ வயது போன மனுசன்" என்றுவிட்டு, விரலை எடுத்து அடுத்த யன்னலில் வைத்தா.

அன்றே பதில் எழுதினேன். படம் கிடைத்தது, அம்மா உங்களை உடனேயே கண்டுபிடித்துவிட்டா என்று எழுதினேன். எனக்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்பதை எழுதவில்லை.