அண்ணன் பேரில் அண்ணி நூற்ற நூல்

திண்டிவனத்தில் மல்லாட்டைக் கடலை மண்டி நேமிசந்திரன் என்றால் இன்றும் நாலு பேர் தியாகி என்று கும்பிடுவார்கள். அவர் என் அண்ணன். கும்பிடட்டும், எனக்கொன்றும் நஷ்டமில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது அவர் கதை இல்லை, அவர் பெண்டாட்டி சாந்தாமணியின் கதை. அவள்மேல் எனக்குப் பொறாமை. அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அதற்காக நான் வெட்கப்படப் போவதில்லை. அப்படி ஒருத்தியோடு ஒரே அடுப்படியில் இருந்து பார்த்தால் உங்களுக்கும் வரும்.

செஞ்சிப் பக்கம் ஒரு சமணக் கிராமத்தில் பிறந்தவள். முப்பத்தொன்றாம் வருஷம் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தாள். அதற்கு முன்பே நான் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு அண்ணன் வீட்டோடு வந்து சேர்ந்திருந்தேன். வீட்டுச் சாவிக்கொத்து என் இடுப்பில் இருந்தது. அவள் வந்த கொஞ்ச நாளில் அது அவள் இடுப்புக்குப் போயிற்று. அவள் கேட்கவில்லை, அண்ணனாகவே வாங்கிக் கொடுத்தார். அவள் கேட்டிருந்தாலாவது ஒரு சண்டை போட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

நாங்களும் சமணர்தான், நயினார்மார். தண்ணீரை வடிகட்டித்தான் குடிப்போம், பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டோம். எனக்கு அது பழக்கம், அவளுக்கு அது உயிர். அரிசி களையும்போது ஒரு வண்டு வந்துவிட்டால் போதும், கையில் ஏந்திக் கொல்லைவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வருவாள். அதுவரை உலை கொதிக்கும், நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

யுத்தம் என்ற பேச்சே அவளுக்கு ஆகாது. அவள் அப்பாவின் நிலத்தில் ஏர் ஓட்டிய சின்னக்கண்ணு, முந்தின யுத்தத்துக்குக் கூலியாளாகப் பஸ்ரா வரை போய், வலது கையை அங்கேயே விட்டுவிட்டு வந்தவன். அவன் மாட்டுக் கயிற்றைப் பல்லால் கடித்து முடிச்சுப் போடுவதைப் பார்த்து வளர்ந்தவள் அவள். "அந்தக் கை யாருக்கு இன்னா கெடுதல் பண்ணுச்சு, சந்திரா?" என்று என்னைக் கேட்பாள். எனக்குப் பதில் தெரியாது. பதில் தெரியாத கேள்வி கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்காது.

கதர்க்காரர்கள் ஊருக்குள் ராட்டை கொண்டுவந்தபோது அவளும் ஒன்று வாங்கிப் போட்டாள். நானும் உட்கார்ந்து பார்த்தேன். என் கையில் நூல் நிமிஷத்துக்கு ஒரு தரம் அறுந்தது. அவள் கையில் அது பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. அண்ணன் மண்டியிலிருந்து வந்ததும் அந்த நூலைத் தடவிப் பார்த்து, "பட்டு மாதிரி இருக்குது" என்பார். நான் அரைத்த துவையலைப் பற்றி அவர் ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நாற்பதாம் வருஷம் புது யுத்தத்துக்கு ஆள் எடுக்க ஆரம்பித்திருந்தார்கள். அதை எதிர்த்து ஒவ்வொருவராகப் பொது இடத்தில் நின்று பேசிச் சிறைக்குப் போக வேண்டும் என்று காந்தியிடமிருந்து உத்தரவு வந்தது. கண்டபடி யாரும் போய்விட முடியாது. காங்கிரஸ் கமிட்டி பெயரை ஒப்புக்கொள்ள வேண்டும். இன்ன நாள், இன்ன இடம் என்று முன்கூட்டியே மாஜிஸ்திரேட்டுக்குச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, போகிறவர் தன் கையால் நூல் நூற்கிறவராக இருக்க வேண்டும்.

அண்ணனுக்கு ஆசை வந்துவிட்டது. அவருக்கு ராட்டையில் வலது பக்கம் எது இடது பக்கம் எது என்றுகூடத் தெரியாது. "ஒரே வூட்டு நூல்தானே, சாந்தா. என் பேர்ல குடுத்தா இன்னா?" என்று குழைந்தார். சுற்றி வைத்திருந்த நூல் சிட்டம் அத்தனையையும் அவள் தூக்கிக் கொடுத்தாள். யுத்தத்துக்கு எதிராக யாராவது பேசினால் சரி என்று நினைத்திருப்பாள். புருஷனிடம் அவ்வளவு நம்பிக்கை.

திண்டிவனம் கடைத்தெருவில் அண்ணன் நின்றார். "இந்த யுத்தத்துக்கு ஆள் கொடுப்பதும் தப்பு, பணம் கொடுப்பதும் தப்பு" என்பது வரைக்கும்தான் வந்தார். "எந்த யுத்தத்தையும் அகிம்சையால் எதிர்ப்பதே சரி" என்ற மறுபாதி பயத்தில் மறந்துபோயிற்று. சப் இன்ஸ்பெக்டர் அப்பாதுரை நல்ல மனுஷன், அதற்குமேல் தவிக்கவிடாமல் கைது செய்துவிட்டார். கழுத்து நிறைய மாலை. கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த அண்ணியின் உதடு மட்டும் அசைந்தது. அந்த மறுபாதியை அவள்தான் சொல்லி முடித்தாள், ஒருவர் காதிலும் விழவில்லை.

அன்று அவள் முகத்தில் நான் முதல் தடவையாக ஒன்றைப் பார்த்தேன். பொறாமை. எனக்கு அடையாளம் தெரியாதா? வருஷக்கணக்காக நான் கண்ணாடியில் பார்க்கிற முகம் அது. சத்தியமாகச் சொல்கிறேன், அன்று எனக்குச் சோறு ருசித்தது.

மறுவாரமே அவள் கமிட்டிக் காரியதரிசி சீனுவாசனிடம் போனாள். துணைக்கு நானும் போனேன், வேடிக்கை பார்க்கத்தான்.

"நானும் போறேங்க. விழுப்புரம் ஸ்டேஷன்ல பட்டாளத்துக்கு ஆள் ஏத்துறாங்களே, அங்க நின்னு பேசறேன்."

"உங்க பேர்ல ஒரு சிட்டம் நூல்கூட இல்லியேம்மா."

"அவரு குடுத்ததெல்லாம் நான் நூத்ததுதாங்க."

சீனுவாசன் சிரித்தார். "வூட்டுக்கு வூடு எல்லாப் பொம்பளைங்களும் அப்படித்தாம்மா சொல்றாங்க. நயினாரு வந்து சொல்லட்டும், பார்க்கலாம்."

நயினார் வேலூர்ச் சிறையில் இருந்தார். அவள் புதிதாக நூற்கலாம் என்றால், மண்டி, மாடு, இரண்டு பிள்ளைகள் எல்லாம் அவள் தலையில். ராட்டையில் ஒட்டடை படிந்தது.

அண்ணன் விடுதலையாகி விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கினபோது மேளம் வைத்து வரவேற்றார்கள். பெஞ்சின்மேல் ஏற்றிப் பேசச் சொன்னார்கள். சிறையில் பொழுதோடு சோறு போட்டுவிடுவதால் விரதம் கெடவில்லை என்றார். இதே விழுப்புரத்துக்குச் சரக்கு ஏற்றி வருகிற நாளெல்லாம் விளக்கு வைத்த பிறகு கிளப்புக் கடையில் இட்லி தின்கிற மனுஷன் அவர். சர்க்கார்தான் அவரை ஒழுங்கான சமணராக்கி அனுப்பியிருந்தது. அதோடு நிறுத்தினாரா? "பொறுமைன்னா இன்னான்னு எனக்குக் கத்துக் குடுத்தது ராட்டைதான்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். அண்ணி தன் கையைப் புடவைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "சீனுவாசன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நூல் என்னுதுன்னு."

"சொன்னா என் மானம் போயிடும் சாந்தா."

அவள் கத்தவில்லை, அழவில்லை. ராட்டையைத் துடைத்து அவர் முன்னால் வைத்தாள். வெளியே வந்தவர்கள் மறுபடியும் போக வேண்டும், அதற்குப் புதிதாக நூல் கொடுக்க வேண்டும் என்பது கமிட்டியின் ஏற்பாடு. "நீங்களே நூத்துக் குடுங்க" என்றாள். அவ்வளவுதான். வழக்கம்போலச் சோறு போட்டாள், வெந்நீர் வைத்தாள், ஒரு குறையும் வைக்கவில்லை. ராட்டையை மட்டும் தொடவில்லை. தெருவில் போகிறவர்கள் "எப்போ நயினாரே மறுபடியும்?" என்று கேட்கும்போதெல்லாம் அண்ணனுக்கு முகம் வெளுத்தது. வெள்ளைக்காரனை அகிம்சையால் எதிர்க்கப் போனவர், வீட்டுக்குள் அதே அகிம்சையிடம் மாட்டிக்கொண்டு விழித்தார்.

மாசக்கணக்கில் இப்படியே இழுத்தது. கடைசியில் சீனுவாசனே வீடு தேடி வந்தார்.

"நூல் எங்க நயினாரே?"

"ஜெயில்ல வேலை செஞ்சு மணிக்கட்டு போயிடுச்சுங்க. ராட்டை சுத்த முடியல."

சீனுவாசன் உருகிப்போனார். அண்ணியைப் பார்த்து, "அப்போ அவருக்காக நீங்க கொஞ்சம் நூத்துக் குடுங்கம்மா. கமிட்டியில நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

அண்ணியின் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. வாயைத் திறந்தால் புருஷனைப் பொய்யன் என்று சொல்ல வேண்டும். அவள் சொல்ல மாட்டாள். வண்டைக்கூட நோகவிடாதவள்.

நான் சொன்னேன். "மணிக்கட்டு நல்லா இருந்தப்பவே எங்கண்ணன் ராட்டையைத் தொட்டதில்லைங்க. போன தடவை குடுத்ததும் அண்ணி நூத்ததுதான். இஷ்டமிருந்தா இப்பவே ரெண்டு பேரையும் ஒக்கார வச்சிப் பாருங்க."

அண்ணன் தலை குனிந்தார். "ஆமாங்க" என்றார். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னை மாதிரி யாரு இருப்பாங்க சந்திரா" என்றாள். என் மனசில் இருந்தது என்ன என்று அவளுக்குத் தெரியாது. அவள் சிறைக்குப் போனால் சாவிக்கொத்து யாரிடம் வரும்? அதைத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாற்பத்தொன்றாம் வருஷம் புரட்டாசியில் அவள் முறை வந்தது. கிளம்பும்போது சாவியை என்னிடம் கொடுத்தாள். விழுப்புரம் ஸ்டேஷனுக்கு வெளியே, பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற கூடாரத்துக்கு எதிரே நின்றாள். அண்ணனும் நானும் கூட்டத்தில் இருந்தோம். அண்ணனைப்போல அவளுக்குப் பாதியில் மறக்கவில்லை. ஆள் கொடுப்பதும் தப்பு, பணம் கொடுப்பதும் தப்பு, எந்த யுத்தத்தையும் அகிம்சையால் எதிர்ப்பதே சரி என்று முழுசாகச் சொன்னாள். போலீஸ் நெருங்குவதற்குள் இன்னொரு தரமும் சொன்னாள். வரிசையில் நின்ற பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. மாலை அவள் கழுத்துக்கு அவ்வளவு பொருத்தமாக இருந்தது.

அப்போதுதான் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஒருத்தி முன்னால் வந்தாள். விழுப்புரத்தை ஒட்டிய காணைப் பக்கம் கரும்பு வெட்டுகிற சவுரியம்மாள். அவளைத் தெரிந்தவர்கள் "வாணாம் சவுரி, வந்துடு" என்று இழுத்தார்கள். அவள் அண்ணியின் கையைப் பற்றிக்கொண்டாள்.

"இத்த நீ போன வாரம் வந்து சொல்லக் கூடாதாம்மா? எம்புள்ள சவுரிராயன் இதே எடத்துலதான் ரயிலேறிப் போனான். நான் போவாதடான்னு கத்தினேன். உனக்கு இன்னா தெரியும், படிச்சவங்க யாராச்சும் வாணாம்னு சொல்றாங்களான்னு கேட்டுட்டுப் போயிட்டான். நீ நின்னுருந்தா உன்னக் காட்டியிருப்பேனே."

எங்கே இருந்தேன், ஏன் வரவில்லை என்று அண்ணி எப்படிச் சொல்வாள்? அவள் அண்ணனைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. பார்த்திருந்தால் அவர் மனசாவது ஆறியிருக்கும். மாலையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுப் போலீஸ்காரர்களோடு நடந்தாள். அண்ணன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ மேடையில் கூப்பிட்டார்கள், ராட்டையைப் பற்றி அவர் வாய் திறந்ததே இல்லை.

சவுரிராயன் மலேயாவுக்குப் போனான் என்றார்கள். அப்புறம் ஒரு தகவலும் இல்லை. யுத்தம் முடிந்தும் இல்லை, சுதந்திரம் வந்தும் இல்லை. அண்ணி வேலூர்ச் சிறையிலிருந்து திரும்பிய நாளிலிருந்து சவுரியம்மாள் நினைத்தபோதெல்லாம் காணையிலிருந்து விழுப்புரம் வந்து, ரயிலேறித் திண்டிவனம் வந்துவிடுகிறாள். சாவிக்கொத்தை அண்ணி திருப்பிக் கேட்கவே இல்லை, அது என் இடுப்பிலேயே தொங்குகிறது. அண்ணியும் சவுரியம்மாளும் கொல்லைக் கிணற்றடியில் உட்கார்ந்துகொள்கிறார்கள். அவள் தன் பிள்ளையைப் பற்றிச் சொல்லச் சொல்ல அண்ணி கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஒரு தடவை நான் கேப்பைக் கூழ் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "புள்ள எப்படி இருப்பான் சவுரி?" என்று கேட்டேன். சவுரியம்மாள் கூழை வாங்கிக்கொண்டாள். பதிலை அண்ணியைப் பார்த்துத்தான் சொன்னாள்.