குழிக்கு அடியில் சூளைக்கல்

எங்கள் அப்பாவுக்குச் சாமி கிடையாது, சூளைதான் உண்டு. விருத்தாசலத்துப் பீங்கான் சூளை ஒன்றில் நெருப்பு பார்க்கிற வேலை. துவாரத்தின் வழியே தீயின் நிறத்தைப் பார்த்தே இன்னும் எவ்வளவு கரி தள்ள வேண்டும் என்று சொல்லிவிடுவார். அறுபதுகளின் கடைசியில், நான் நாலாவது படித்தபோது, அந்தத் துவாரமே அவருக்கு வினையாக வந்தது. இரண்டு கண்ணும் கோவைப்பழமாகச் சிவந்து, பகலெல்லாம் ஈரத்துணி கட்டிப் படுத்துக் கிடந்தார். ஒரு மாதத்தில் பார்வை தெளிந்தது. ஆஸ்பத்திரி மருந்து என்றார் அப்பா. அம்மா வாதாடவில்லை. திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிப்பதாக அதற்குள் வேண்டிக்கொண்டிருந்தாள்.

காப்புக் கட்டிய நாளிலிருந்து மஞ்சள் புடவை, ஒருவேளைச் சாப்பாடு, வெறும் தரையில் தூக்கம் என்று அம்மா வேறு ஆளாகிப் போனாள். தலை வாரிவிடச் சொல்லி அவளிடம் போகவே எனக்குப் பயமாக இருந்தது.

தீமிதிக்கு முந்தின நாள் கோடை மழை கொட்டி, கோயில் முன்னால் வெட்டியிருந்த தீக்குழி சேறாகிவிட்டது. ஈரத்தரையில் கங்கு நிற்காதே என்று பூசாரி கையைப் பிசைந்தார். நெருப்பு என்று யாராவது பேச்செடுத்தால் அப்பாவால் சும்மா இருக்க முடியாது. சூளையில் கழித்துப் போட்ட கற்களை வண்டியில் கொண்டுவந்து குழிக்குள் பரப்பி, மறுநாள் காலையில் அதன்மேல் புளியங்கட்டைகளை அவரே அடுக்கிக் கொடுத்தார். சாமி கும்பிடாதவர் கோயில் வேலை செய்கிறாரே என்று தெருவே கேலி செய்தது. வாத்தியார் பாராட்டிய பிள்ளை மாதிரி அசட்டுச் சிரிப்போடு நின்றார்.

சாயங்காலம் மணிமுத்தாற்றில் முழுகிவிட்டு, கரகத்தின் பின்னால், பம்பை முழங்க முப்பது நாற்பது பேர் வந்தார்கள். ஈரப்புடவையும் வேப்பிலையுமாக வந்த அந்தக் கூட்டத்தில் என் அம்மா யார் என்று கண்டுபிடிக்கவே எனக்கு நேரமாயிற்று. குழியிலிருந்து இருபதடி தள்ளி நின்ற என் முகம் காந்தியது. சாம்பல் பூத்து மங்கியிருக்க வேண்டிய கங்கு இன்னும் பளபளவென்று சிவந்து கிடந்தது. அப்பா அந்த நிறத்தைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. சூளைக்கல் வாங்கின சூட்டை லேசில் விடாது என்பது அவருக்குத் தெரியாததா? என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அம்மாவிடம் ஓடினார்.

"எறங்காத. அடியில கல்லு சூட்டப் புடிச்சி வச்சிருக்குது. யோசிக்காம போட்டுட்டேன்."

"உங்க கண்ணுக்கு வேண்டிக்கிட்டதுங்க. வழி வுடுங்க."

பூசாரியைப் பார்த்து அப்பா கத்தியது பம்பைச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. கரகம் இறங்கிவிட்டது. பின்னால் எல்லோரும் ஓடிக் கடந்தார்கள். அம்மா நடந்தாள். வாசலில் போட்ட கோலம் கலையாமல் பார்த்துப் போகிறவள் போல, அடிமேல் அடி வைத்து நடந்தாள். ஏழெட்டு அடிதான். கண்ணால் பார்த்த நானே இன்றைக்கும் அதை நம்ப முடியாமல் இருக்கிறேன்.

கடைசியில், சுட்ட காலை நனைக்கப் பால் ஊற்றி வைத்திருந்த பால்குழியில் கால் வைத்தவள் வெளியே வரவில்லை. ஓடிப்போய்ப் பிடித்தோம். உள்ளங்கால் இரண்டும் கொப்பளித்திருந்தன.

விரதத்தில் தப்பு செய்தவரைத்தான் நெருப்பு சுடும் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. கூட்டத்தில் உடனே கிசுகிசு கிளம்பியது.

"சுத்தபத்தமா இருந்திருக்க மாட்டா."

அம்மா தலை குனிந்தாள். சுட்டபோது வராத கண்ணீர் இப்போது வந்தது. எனக்கு அந்த வாய்களையெல்லாம் கிழிக்க வேண்டும் போல இருந்தது.

அப்பா குழியின் விளிம்பில் ஏறி நின்றார். பம்பையை நிறுத்தச் சொன்னார்.

"கொற அவ வெரதத்துல இல்ல. நான் போட்ட கல்லுல இருக்குது. எறங்கறதுக்கு முன்னாடியே அவகிட்ட சொன்னேன். தெரிஞ்சேதான் எறங்கினா. என் கண்ணுக்காவ எறங்கினா."

பூசாரி குனிந்து அம்மாவின் காலடித் தரையைத் தொட்டு, அந்த மண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டார். அப்பா கீழே இறங்கி வந்தார். எந்தக் கோயிலிலும் சேராத அந்த இரண்டு கையும் சேர்ந்தன. அம்மன் இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை. அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார்.

"அய்யோ, எல்லாரும் பாக்குறாங்க, கைய எறக்குங்க" என்றாள் அம்மா.

அவர் இறக்கவில்லை.