கான்சலின் காதுக்குக் காவல்

பலி நாளில் வோல்னியுஸ் தன் குழலின் சீவாளியை நாக்கடியில் அதக்கிக்கொண்டுதான் மாடிப்படி இறங்குவார். அதற்குப் பிறகு யார் பேசினாலும் பதில் வராது. வாழ்த்தானாலும் வசவானாலும் புருவத்தாலேயே முடித்துவிடுவார். அன்றைக்குப் பருப்பு, கொட்டை எதையும் தொடமாட்டார். பல்லிடுக்கில் ஒரு துணுக்கு இருந்தாலும் மூச்சு பிசகிவிடுமாம். இரட்டைக் குழலை வாயோடு சேர்த்துக் கன்னத்தைச் சுற்றி இழுத்துக் கட்டுகிற தோல்வார், முப்பது வருஷத்தில் இரண்டு பக்கமும் தழும்பு போட்டிருக்கிறது. குடியிருக்கிற சுபூரா சந்தில் அவருக்கு 'வார்மூஞ்சி' என்று பெயர். கூப்பிட்டால் திரும்பியும் பார்ப்பார், கோபித்துக்கொள்ள மாட்டார்.

அவருடைய குழலை யாரும் ரசிக்க வேண்டியதில்லை. ஊரை ஒரு வருஷம் ஆண்டு படையையும் நடத்துகிற கான்சல், கபிடோல் குன்றின் மேல் ஜூபிடர் சாமிக்குப் பலி கொடுக்கும்போது மேலாடையை இழுத்துத் தலையில் முக்காடு போட்டுக்கொள்வார், கெட்டது எதுவும் கண்ணில் படக்கூடாது என்று. காதுக்கு முக்காடு போட முடியாதே! அதற்குத்தான் வோல்னியுஸ். பூசாரி வேண்டுதல் எழுதிய பலகையைப் பார்த்து ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, கான்சல் திருப்பிச் சொல்லி முடிக்கும்வரை அவர் காதருகே நின்று விடாமல் ஊத வேண்டும். நடுவில் ஓர் எலி கீச்சிட்டது கான்சல் காதில் விழுந்தால் போச்சு. அன்றைய பூசை செல்லாது. மறுநாள், வேறு காளை, முதல் சொல்லிலிருந்து எல்லாம் மறுபடி.

வேடிக்கை என்னவென்றால், ஊதுகிற மனிதருக்கு மட்டும் எல்லாமே கேட்கும். யார் தும்மினார்கள், யார் செருப்பு உரசியது, எதுவும் தப்பாது. மாலையில் மதுக்கடையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அவிழ்ப்பார்.

"பூசாரி வயிறு ஒரு சத்தம் போட்டுச்சு பாரு, மாட்டுவண்டி பாலத்துல ஏறுற மாதிரி!"

"அப்புறம் பூசை கெடலையா?" என்று யாராவது எடுத்துக் கொடுப்பார்கள்.

"கான்சல் காதுல விழுந்துச்சா? விழலை. அப்போ அது நடக்கவே இல்லப்பா!"

கடையே அதிரும். எத்தனை தடவை சொன்னாலும் சிரிப்பார்கள். இதெல்லாம் போன வசந்தம் வரைக்கும்தான்.

அவர் குடியிருப்பது நாலாவது மாடி. இரண்டாவது மாடியில் ரூஃபியா இருக்கிறாள். அவித்த கொண்டைக்கடலை விற்றுப் பிழைக்கிற விதவை. மூத்த மகன் முந்தைய போரில் செத்துப்போனான். இளையவன் நுமெரியுஸையும் படைக்கு எழுதிவிட்டார்கள். ஒற்றைப் பிள்ளையை விட்டுவிடச் சொல்லி நாயாய் அலைந்தாள். படை ஹிஸ்பானியாப் போருக்குக் கிளம்புகிற அன்று விடியற்காலையில், படியில் வோல்னியுஸை மறித்துக்கொண்டு நின்றாள். சீவாளி இன்னும் வாய்க்குப் போகவில்லை.

"அண்ணே, உங்ககிட்ட சிபாரிசு கேக்கலை. ஒரே ஒரு மூச்சு கேக்கறேன்."

"என்னம்மா சொல்றே?"

"வேண்டுதல் பாதியில இருக்கும்போது மூச்சு வாங்கற மாதிரி கொஞ்சம் நிறுத்துங்க. நான் எம் புள்ள பேரைச் சொல்லிக் கத்தறேன். பூசை கெட்டா படை நாளைக்குத்தானே கெளம்பும்? நாளைக்குக் காலையில ட்ரிபியூன் எம் முறையீட்டைக் கேக்கறேன்னு வாக்குக் குடுத்திருக்காரு. ஏழைங்க பேச்சைக் கேக்க அவர் ஒருத்தர்தானே இருக்காரு."

"சாமி குத்தமாயிடும்மா. உன்னையும் சும்மா விடமாட்டாங்க."

"அடிச்சா அடிக்கட்டும். சாமிக்கு நாளைக்கு இன்னொரு காளை இருக்கு அண்ணே. எனக்கு இன்னொரு புள்ளை இல்லை."

வோல்னியுஸ் தலையாட்டினார். "சரிம்மா, பாத்துக்கலாம்" என்று வாயாலும் சொன்னார். அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

குன்றின் மேல் கான்சல் அபுரியுஸ் பாதி வேண்டுதலில் இருந்தார். இடப்பக்கத் தூண் ஓரமாக நின்ற ரூஃபியா வோல்னியுஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்த வேண்டிய இடம் வந்தது. குழல் நின்றால் முதலில் யாரைக் கேட்பார்கள்? குழலூதுகிறவர்கள் சங்கத்திலிருந்து பெயரை அடிப்பார்கள், கான்சலின் ஆட்கள் பிரம்புக் கட்டை அவிழ்த்து விளாசுவார்கள். இடம் கடந்துபோயிற்று. ரூஃபியா பொறுத்துப் பார்த்துவிட்டுத் தானாகவே கத்தினாள். "நுமெரியுஸ்! எம் புள்ளையைக் குடுங்க!"

முக்காட்டுக்குள் கான்சலின் தலை லேசாக அசைந்ததை வோல்னியுஸ் கண்டார். உடனே இரண்டு குழலையும் உச்சத்துக்கு ஏற்றி ஊதினார் பாருங்கள், முப்பது வருஷத்தில் அப்படி ஊதியதில்லை. அவள் இரண்டாவது தடவை கத்தியதும், யாரோ அவளைத் தள்ளிக்கொண்டு போனதும் அவர் ஒருவர் காதில்தான் விழுந்தன. பழக்கதோஷத்தில் விரல் ஓடிவிட்டது என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார். பொய். பயத்தில்தான் ஊதினார், தெரிந்தேதான் ஊதினார்.

"இன்னிக்குப் பிரமாதமா ஊதினே" என்றார் கான்சல், முக்காட்டை விலக்கியபடி. பலிக் காளையின் தொடைக்கறியில் ஒரு துண்டும் கிடைத்தது.

கறியை மேலாடைக்குள் மறைத்துக்கொண்டு படியேறினார். இரண்டாவது மாடியில் ரூஃபியா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். படை போய்விட்டிருந்தது.

"அண்ணே, நான் கத்தினது கேட்டுச்சா?"

"கூட்டத்துல... சரியாக் காதுல விழலம்மா."

"அப்படியா" என்றாள். "அப்போ நான் கத்தவே இல்லை போல."

வோல்னியுஸின் மதுக்கடைப் பேச்சு அந்தக் கட்டடத்தில் யாருக்குத்தான் தெரியாது! மேலே போய்க் கறியை மனைவி அக்கியாவிடம் கொடுத்தார். அவள் சமைத்த வாசனை நாலு மாடிக்கும் இறங்கிப் போயிற்று.

"ஏங்க, எப்பவாச்சும் கிடைக்கிற கறி. ஒரு வாய் சாப்பிட்டா என்னவாம்?"

"கதவைச் சாத்து முதல்ல" என்று எரிந்து விழுந்தார். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது அவருக்கு.

அன்றோடு மதுக்கடைக் கதைகள் நின்றன. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறத் தொடங்கினார், இரண்டாவது மாடிக்குச் சத்தம் கேட்கக்கூடாது என்று. ரூஃபியா அவரைத் திட்டியிருந்தாலாவது தேவலை. எதிர்ப்பட்டால் "சாப்டீங்களா அண்ணே?" என்று எப்போதும்போலக் கேட்டாள், அவரால்தான் முகம் கொடுக்க முடியவில்லை. குளிர்காலத்தில் கையில் வெட்டுப்பட்டுத் திரும்பிய சிப்பாய் ஒருவன், நுமெரியுஸ் உயிரோடு இருப்பதாகவும் பல்வலியில் ஊரைக் கூட்டுவதாகவும் சொன்னான். அவள் ஒவ்வொரு கதவாகத் தட்டிச் சொல்லிச் சிரித்தாள். அவர் கதவையும் தட்டினாள். அக்கியா போய்த் திறந்தாள். அவர் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இந்த வசந்தத்தில் புதிய கான்சல். ஹிஸ்பானியப் படைக்குத் துணையாக ஆட்களைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறார். பலிக்கு வோல்னியுஸ்தான் குழல். குன்றின் மேல் நின்று வாரை இழுத்துக் கட்டும்போது பார்த்தார், அதே தூண் ஓரத்தில் ரூஃபியா. இந்தத் தடவை கத்தத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தார். சங்கமாவது பிரம்பாவது, வருவது வரட்டும் என்று அந்தக் கணமே முடிவு செய்துவிட்டார்.

வேண்டுதல் பாதிக்கு வந்தது. வோல்னியுஸ் ஊதுவதை நிறுத்தினார்.

குன்று முழுவதும் ஓசையடங்கிப் போயிற்று. காளை மூச்சுவிடுவது கேட்டது. கான்சலின் முக்காடு அசைந்தது. வோல்னியுஸ் தூணைப் பார்த்தார்; கத்தம்மா, கத்து என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

ரூஃபியாவின் முகம் வெளிறிப் போயிருந்தது. அவள் பிள்ளை அந்தப் படையில்தான் இருக்கிறான், இந்த வேண்டுதல் அவன் உயிருக்கும் சேர்த்துத்தான் என்பது அப்போதுதான் வோல்னியுஸுக்கு உறைத்தது. அவள் மேலாடை நுனியைச் சுருட்டித் தன் வாய்க்குள் திணித்துக்கொண்டாள். இன்னொரு கையை அவரைப் பார்த்து உயர்த்தி, குழலின் துளைகளை மூடித் திறப்பதுபோல விரல்களை வேகவேகமாக ஆட்டினாள்.