லௌக்தி என்றால் காத்திருத்தல்

டென்மார்க்கின் இக்காஸ்ட் என்ற ஊரில் நான் வேலை செய்த தையல் தொழிற்சாலையில், அடுத்த மெஷினில் ஒரு லித்துவேனியப் பெண் இருந்தார். பென்சன் எடுக்கிற வயது நெருங்கியிருந்தது. உலக யுத்தம் முடிகிற நேரம் கப்பலேறி டென்மார்க் வந்தவர். பின்னால் வருகிறேன் என்ற கணவர் வரவேயில்லை.

யாழ்ப்பாணத்தில் விட்டுவந்த என் மனைவியைக் கூப்பிட நான் விண்ணப்பித்திருந்தேன். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: பரிசீலனையில் இருக்கிறது. கிடப்பில் போடச் சொன்னதே மந்திரிதான் என்று பிறகு வெளியில் வந்து, அரசாங்கம் கவிழ்ந்தது. கவிழ்ந்து எனக்கென்ன?

காத்திருப்பதற்கு உங்கள் மொழியில் என்ன சொல்வீர்கள் என்று ஒருநாள் அவரிடம் கேட்டேன்.

"லௌக்தி," என்றார். "ஆதியில் அதற்குப் பார்ப்பது என்றுதான் அர்த்தம் என்று அப்பா சொல்வார். பள்ளிக்கூட ஆசிரியர்."

நாங்களும் வழி பார்ப்பது என்போம் என்றேன். சந்தோஷப்பட்டார். சமஸ்கிருதத்தில் பார்ப்பதைக் குறிக்கும் 'லோக்' என்ற வேருக்கும் அது உறவு என்று, ஓகூஸ் நகர நூலகத்தில் பின்னொரு நாள் வாசித்தேன். பெரிய கண்டுபிடிப்புத்தான். வாசித்துவிட்டு பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

அந்த வருடக் குளிரில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து மச்சான் போன் எடுத்தான்.

"அத்தான், அக்கா போட்டா. வீட்டில ஷெல் விழுந்திட்டுது. நாங்கள் பங்கருக்குள்ள இருந்தனாங்கள்."

"எரிச்சாச்சோ?"

"ஓம் அத்தான், அண்டைக்கே."

அடுத்த நாள் வேலைக்குப் போனேன். அழுகை வரவில்லை, கை தன்பாட்டில் தைத்தது. சாவுத் துடக்குக்கு லீவு கேட்டால் காரணம் சொல்லவேண்டும். அதை டேனிஷில் சொல்ல வாய் எழவில்லை. விண்ணப்பத்தைக் கவனித்த வக்கீலுக்கும் சொல்லவில்லை. ஆயுள் முழுக்க வழி பார்த்திருந்த அந்தப் பெண்ணுக்கு எப்படிச் சொல்வது?

அடுத்த வருடம் வக்கீல் தொழிற்சாலைக்கே போன் எடுத்துவிட்டார். மேற்பார்வையாளர் ஓடிவந்து எல்லோருக்கும் கேட்கக் கத்தினார்: "உன் மனைவி வரலாம்!"

மெஷின்களை நிறுத்திவிட்டுக் கை தட்டினார்கள். லித்துவேனியப் பெண் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்.

டென்மார்க்கில் நல்ல செய்தி வந்தவர்தான் மற்றவர்களுக்குக் கேக் கொடுக்கவேண்டும். மறுநாள் வாங்கிக்கொண்டு போனேன். வெட்டிக் கொடுத்தேன். நானும் சாப்பிட்டேன், ருசி தெரியவில்லை.

லித்துவேனியப் பெண் மட்டும் தன் துண்டைத் தொடாமல் காகிதத்தில் சுற்றி என் பைக்குள் வைத்தார்.

"உன் மனைவிக்கு," என்றார். "பிரீசரில் வை. வரும்வரைக்கும் கெடாது."

வீட்டுக்குப் போய் வைத்தேன்.